செலவு யார் கணக்கில்? தொழிற்கல்வியும் உயர்கல்வியும் நாடுகளின் ஒப்பீடும்

ஒரு செவிலியரைப் பயிற்றுவிக்க அரசுக்கு எவ்வளவு செலவாகிறது? இந்தக் கேள்விக்கு மூன்று நாடுகளில் விடை தேடினால் மூன்று வேறு கணக்குப் புத்தகங்களைப் புரட்ட வேண்டியிருக்கும். ஜெர்மனியில் செவிலியர் ஆவதற்குப் பெரும்பாலானோர் பல்கலைக்கழகம் போவதில்லை. மூன்றாண்டுத் தொழிற்பயிற்சியில் சேர்கிறார்கள். மருத்துவமனையோ முதியோர் இல்லமோ அவர்களோடு ஒப்பந்தம் போட்டு மாதம் 1,000 யூரோவுக்கு மேல் கொடுக்கிறது. 2020-இல் நடப்புக்கு வந்த சட்டப்படி அந்தச் செலவு மாநில அளவிலான பொது நிதி ஒன்றிலிருந்து ஈடுசெய்யப்படுகிறது. மருத்துவமனைகளும் முதியோர் இல்லங்களும் மாநில அரசும் பராமரிப்புக் காப்பீடும் அந்த நிதிக்குப் பணம் கட்டுகின்றன. இங்கிலாந்தில் 2013 முதல் செவிலியராகப் பட்டம் கட்டாயம். கட்டணத்தையும் உதவித்தொகையையும் சுகாதாரத் துறை கொடுத்துவந்தது. 2017-இல் அது நின்றது. புதிதாகச் சேர்ந்தவர்கள் மற்ற மாணவர்களைப் போலக் கடன் வாங்கிப் படிக்க வேண்டியதாயிற்று. 2020-இல் உதவித்தொகையில் ஒரு பகுதி மட்டும் திரும்ப வந்தது. இந்தியாவில் பி.எஸ்சி. நர்சிங்குக்கு அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் செலவு சுகாதாரத் துறையின் மானியக் கோரிக்கையில் இருக்கும். தனியார் கல்லூரி என்றால் அப்பா அடகு வைத்த நகையில் இருக்கும்.

மூன்று இடத்திலும் ஊசி போடுவதும் ரத்த அழுத்தம் பார்ப்பதும் ஒன்றுதான். ஆனால் கல்விக்கு நாடுகள் செய்யும் செலவு என்ற அட்டவணையில் இவர்கள் மூவரும் ஒரே கட்டத்தில் வருவதில்லை. ஒருவர் கட்டத்துக்கே வெளியே நிற்கவும் கூடும். தொழிற்கல்விக்கும் உயர்கல்விக்கும் எந்த நாடு அதிகம் செலவிடுகிறது என்ற விவாதம் முழுவதையும் பிடித்திருக்கும் சிக்கல் இதுதான்.

அட்டவணை தயாரிப்பவர்கள் இதை அறியாதவர்கள் அல்ல. யுனெஸ்கோ வகுத்த வகைப்பாட்டில் மழலைக் கல்வி முதல் முனைவர் பட்டம் வரை 0 தொடங்கி 8 வரை படிகள் உண்டு. யுனெஸ்கோவும், பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் அடங்கிய ஓ.இ.சி.டி. அமைப்பும் ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமும் சேர்ந்து ஒரே படிவத்தில் நாடுகளிடம் கணக்குக் கேட்கின்றன. தொழிற்கல்வி இந்தப் படிகளில் ஓரிடத்தில் உட்காருவதில்லை என்பதுதான் தொல்லை. ஜெர்மனியில் 16 வயதில் ஓர் எந்திரத் தொழிற்சாலையில் பயிற்சிக்குச் சேரும் பையன் 3-ஆம் படியில், அதாவது நம் மேல்நிலைப் பள்ளி மாணவரோடு நிற்கிறான். அமெரிக்க சமுதாயக் கல்லூரியில் அதே எந்திரத்தை இரண்டாண்டு படிப்பவர் 5-ஆம் படியில், உயர்கல்வி மாணவராகிவிடுகிறார். ஆகவே உயர்கல்விச் செலவை மட்டும் ஒப்பிட்டு ஜெர்மனி பின்தங்கியிருக்கிறது என்று யாராவது எழுதினால், அவர் பாதிக் கணக்கைத்தான் பார்த்திருக்கிறார்.

இந்த எச்சரிக்கையோடு பொதுவான படத்தைப் பார்க்கலாம். ஓ.இ.சி.டி. நாடுகளில் உயர்கல்வி நிறுவனங்களுக்கு அரசும் தனியாரும் சேர்ந்து செலவிடுவது சராசரியாக ஜி.டி.பி.யில் 1.5 விழுக்காடு அளவு. அமெரிக்கா 2.5 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. ஆனால் அதில் பாதிக்கும் மேல் குடும்பங்களும் தனியாரும் போடும் பணம். ஜப்பானிலும் அப்படியே. நார்வே, பின்லாந்து போன்ற நாடுகளில் பத்தில் ஒன்பது பங்கு அரசுப் பணம். மாணவர் ஒருவருக்கு என்று பார்த்தால், வாங்கும் சக்திக்கு ஏற்பச் சரிசெய்த கணக்கில், சராசரி ஆண்டுக்கு 18,000 முதல் 20,000 டாலர் வரை. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆராய்ச்சிக்குப் போகிறது, ஸ்வீடனில் பாதி. பல்கலைக்கழக மாணவருக்கு இவ்வளவு, தொழிற்பயிற்சி மாணவருக்கு இவ்வளவு என்று ஒப்பிடுகிறவர்கள் இந்த ஆராய்ச்சிச் செலவைக் கழிக்க மறந்துவிடுகிறார்கள். வெல்டிங் கற்றுத்தரும் நிலையத்தில் ஆராய்ச்சி என்ற செலவுத் தலைப்பே கிடையாது.

நிறுவனங்களுக்குப் போகும் பணத்தோடும் கதை முடியவில்லை. டென்மார்க்கில் கல்விக் கட்டணம் இல்லை என்பது பலருக்கும் தெரியும். அதற்கு மேல், வீட்டைவிட்டுத் தனியே வாழும் மாணவருக்கு அரசு மாதம் 6,000 குரோனருக்கு மேல் வாழ்க்கைச் செலவுக்குக் கொடுக்கிறது. திருப்பித் தர வேண்டியதில்லை. கல்லூரிகளின் வரவு செலவை மட்டும் எண்ணும் அட்டவணையில் இந்தப் பணம் தெரியாது.

ஜி.டி.பி. விழுக்காட்டில் கீழே இருக்கும் எண்ணும், அதாவது வகுக்கும் ஜி.டி.பி.யும், ஏமாற்றும். அயர்லாந்து இதற்கு நல்ல சாட்சி. 2015-இல் அந்த நாட்டின் ஜி.டி.பி. ஒரே ஆண்டில் கால் பங்குக்கும் மேல் வளர்ந்தது. மக்கள் திடீரென்று பணக்காரர் ஆகிவிடவில்லை. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் அறிவுசார் சொத்துகளை டப்ளின் கணக்குக்கு மாற்றி எழுதின, அவ்வளவுதான். அந்த எண்ணால் வகுத்தால் அயர்லாந்தின் கல்விச் செலவு சுருங்கித் தெரியும். அதனால் அந்நாட்டுப் புள்ளியியலாளர்கள் பன்னாட்டு நிறுவனங்களின் விளைவைக் கழித்த வேறொரு தேசிய வருமான அளவையே உருவாக்கிக்கொண்டார்கள்.

விழுக்காட்டை இலக்காக வைத்த நாடுகளின் அனுபவமும் கவனிக்கத் தக்கது. 1964-66 கோத்தாரிக் கல்விக் குழு இந்தியா தேசிய வருமானத்தில் 6 விழுக்காட்டைக் கல்விக்குச் செலவிட வேண்டும் என்றது. 1968 கல்விக் கொள்கை அதை ஏற்றது. 2020 கல்விக் கொள்கையும் அதே 6 விழுக்காட்டைத் திரும்பச் சொல்கிறது. சீனா 1993-இல் 4 விழுக்காடு என்று இலக்கு வைத்து, 2000-க்குள் எட்ட நினைத்து, 2012-இல்தான் எட்டியது. இந்தியா இன்று எவ்வளவு செலவிடுகிறது? பொருளாதார ஆய்வறிக்கைகளில் 3 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவான எண் வரும். கல்வி அமைச்சகத்தின் செலவுப் பகுப்பாய்வில் 4 விழுக்காட்டுக்கு மேல் வரும். இரண்டும் இந்திய அரசின் ஆவணங்களே. பிற துறைகள் கல்விக்கும் பயிற்சிக்கும் செய்யும் செலவையும் சேர்த்து எண்ணுகிறது கல்வி அமைச்சகம். ஒரே நாட்டுக்குள்ளேயே இந்த அளவு வேறுபாடு என்றால், நாடுகளுக்கிடையே தரவரிசை போடும்போது ஓரிரு புள்ளி வேறுபாட்டைத் தூக்கிப் பிடிப்பதில் பொருளில்லை.

தொழிற்பயிற்சிப் பணம் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்பதற்குச் சீனாவே இன்னோர் எடுத்துக்காட்டு. 2019-இல் 1.5 கோடிப் பேருக்குத் திறன் பயிற்சி என்று அறிவித்தபோது அதற்கான 10,000 கோடி யுவானை வேலையின்மைக் காப்பீட்டு நிதியின் மிச்சத்திலிருந்து எடுத்தார்கள். கல்வித் துறையின் கணக்கில் மட்டும் தேடுபவர் கண்ணில் அது படாது.

கடன் விஷயத்தில் கணக்கெழுதும் முறை அரசியலையே தீர்மானித்திருக்கிறது. இங்கிலாந்து 2012-இல் பல்கலைக்கழகக் கட்டணத்தை ஆண்டுக்கு 9,000 பவுண்டு வரை உயர்த்தியது. மாணவர் கையிலிருந்து கட்ட வேண்டாம். அரசு கடனாகக் கட்டிவிடும். வேலைக்குப் போய் வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால் பிடித்தம். அப்போதைய விதிப்படி 30 ஆண்டில் அடைக்க முடியாத மிச்சம் தள்ளுபடி. பெரும்பகுதி திரும்ப வராது என்பது முதல் நாளே தெரிந்த விஷயம். ஆனால் கடன் என்பதால் அது அரசின் செலவாக எழுதப்படவில்லை. தள்ளுபடி நடக்கும்போது, அதாவது 30 ஆண்டு கழித்து வேறொரு நிதியமைச்சர் காலத்தில், எழுதிக்கொள்ளலாம். 2018 டிசம்பரில் அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகம் இது சரியல்ல என்று முடிவு செய்தது. திரும்ப வராது என்று மதிப்பிடப்படும் பங்கைக் கடன் கொடுத்த ஆண்டிலேயே செலவாக எழுத வேண்டும் என்றது. பற்றாக்குறை ஏறத்தாழ 1,200 கோடி பவுண்டு கூடியது. ஒரு மாணவருக்குக்கூடக் கூடுதலாக ஒரு பவுண்டு போகவில்லை.

பட்டப்படிப்புக்கான செலவு இப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது. அதே ஆண்டுகளில் பட்டமல்லாத தொழிற்படிப்புகளை நடத்தும் உள்ளூர்க் கல்லூரிகள் நேரடி மானியத்தை நம்பியிருந்தன. சிக்கனம் என்று வந்தபோது வெட்டு அங்கே விழுந்தது. கண்ணுக்குத் தெரிந்த செலவு அதுதானே. 2019-இல் பிலிப் ஆகர் தலைமையில் வெளிவந்த அறிக்கை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. 12 லட்சம் பட்ட மாணவர்களுக்கு 800 கோடி பவுண்டுக்கு மேல். தொழிற்கல்லூரிகளில் படிக்கும் 22 லட்சம் பேருக்கு 230 கோடி பவுண்டு. இந்த 22 லட்சத்தில் பகுதிநேர மாணவர்களும் உண்டு, எனவே நேராக வகுத்துப் பார்ப்பது நியாயமில்லை. அதைக் கணக்கில் கொண்டாலும் மிஞ்சும் இடைவெளி சிறியதல்ல. இந்தப் பொருளில் வந்த ஒப்பீடுகளில் இதைவிடப் பயனுள்ளதை நான் பார்த்ததில்லை. நாட்டை நாட்டோடு ஒப்பிடாமல், ஒரே நாட்டின் இருவகை மாணவர்களை ஒப்பிட்டது அது.

அப்படியானால் தொழிற்கல்வி மாணவருக்கும் அதே கடனைக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். ஆஸ்திரேலியா கொடுத்துப் பார்த்தது. வருமானத்துக்கேற்பத் திருப்பிச் செலுத்தும் கல்விக் கடனை 1989-இல் பல்கலைக்கழகங்களில் கொண்டுவந்து உலகுக்கு முன்மாதிரியான நாடு அது. பின்னர் தொழிற்படிப்புகளுக்கும் அதை நீட்டி, 2012-இல் விதிகளைத் தளர்த்தியது. 2009-இல் 2.6 கோடி ஆஸ்திரேலிய டாலராக இருந்த கடன் 2015-இல் 290 கோடி டாலராயிற்று. நடந்தது என்ன? தனியார் பயிற்சி நிறுவனங்கள் கட்டணத்தை விருப்பப்படி வைத்தன. தரகர்கள் ஏழைக் குடியிருப்புகளில் வீடு வீடாகப் போய், இலவசமாக லேப்டாப் தருகிறோம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். எழுதப் படிக்கத் திணறுபவர்கள்கூட டிப்ளமோவில் சேர்க்கப்பட்டார்கள். சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் சொற்பம். 2016 இறுதியில் திட்டம் மூடப்பட்டது. ஏமாற்றப்பட்டவர்களின் கடனைப் பிறகு அரசே ரத்து செய்ய வேண்டிவந்தது.

பல்கலைக்கழகங்களில் சரியாக ஓடிய அதே ஏற்பாடு இங்கே கவிழ்ந்ததற்குக் காரணம் தெளிவானது. பல்கலைக்கழகங்கள் எண்ணிக்கையில் குறைவு, பெரும்பாலும் அரசு சார்ந்தவை, கட்டணத்துக்கு உச்சவரம்பு இருந்தது. தொழிற்பயிற்சியில் இவை எதுவும் இல்லாமல் பணத்தை மட்டும் திறந்துவிட்டார்கள். அமெரிக்காவிலும் அரசின் மானியத்தையும் கடனையும் நம்பி வளர்ந்த லாபநோக்குத் தொழிற்கல்லூரிச் சங்கிலிகளான கொரிந்தியன் 2015-இலும் ஐ.டி.டி. 2016-இலும் சரிந்து விழுந்தன. ஒப்பீட்டு அட்டவணையில் அந்த ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவின் தொழிற்கல்விச் செலவு ஏறுமுகமாகத்தான் தெரிந்திருக்கும்.

மூன்றாவதாகப் பணம் போடுபவர் முதலாளி. ஜெர்மனியின் பெயர் எடுக்காமல் தொழிற்கல்வி பற்றி யாரும் பேசுவதில்லை. வாரத்தில் மூன்று நான்கு நாள் நிறுவனத்தில், ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளியில். பள்ளிக்கு மாநில அரசு பணம் தருகிறது. நிறுவனப் பயிற்சிக்கு நிறுவனம். பானில் உள்ள கூட்டாட்சித் தொழிற்கல்வி நிறுவனம் 2012-13-க்கு எடுத்த கணக்கில் ஒரு பயிற்சியாளருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 18,000 யூரோ ஆனது. அவர் செய்த வேலையால் 12,500 யூரோ அளவுக்குத் திரும்பியது. மிச்சம் 5,400 யூரோ அளவு நிறுவனத்தின் நிகரச் செலவு. எந்த நேரத்திலும் 12 லட்சம் பேர் அளவில் பயிற்சியில் இருக்கும் நாட்டில் இது எத்தனை பெரிய தொகை என்று பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். முதலாளிகள் போடும் இந்தப் பணத்தைச் சில நாடுகள் பன்னாட்டுப் படிவத்தில் எழுதுகின்றன, சில எழுதுவதில்லை.

சுவிட்சர்லாந்தில் இளைஞர்களில் மூன்றில் இருவர் இந்த வழியில் போகிறார்கள். அங்கே பாதிக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்குப் பயிற்சிக் காலம் முடிவதற்குள்ளேயே லாபம். பயிற்சியாளர் ஊதியம் தேர்ந்த தொழிலாளியின் ஊதியத்தோடு ஒப்பிடக் குறைவு என்பது அதற்கு முக்கியக் காரணம். அரசுப் பங்கில் கால்வாசியைக் கூட்டாட்சியும் மற்றதை மாநிலங்களும் தருகின்றன. ஜெர்மனியைப் பார்த்து வாய்பிளக்கும் நம்மவர்கள் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். அங்கே ஐந்தில் ஒரு நிறுவனம்தான் பயிற்சி தருகிறது. பயிற்சி இடம் கிடைக்காமல் இடைக்கால வகுப்புகளில் உட்காருபவர்கள் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கு மேல். 20 முதல் 34 வயதுக்குள் எந்தத் தொழில் தகுதியும் இல்லாதவர்கள் 25 லட்சத்துக்கு மேல்.

முதலாளிகள் தாமாகப் போடாத இடத்தில் அரசு வரியாக வாங்குகிறது. பிரேசிலில் 1940-களிலிருந்து ஆலைகளின் சம்பளப் பட்டியலில் ஒரு விழுக்காடு பயிற்சிக்குப் போகிறது. பிரான்சின் பயிற்சி வரி 1925-இல் தொடங்கியது. இங்கிலாந்து 2017-இல் 30 லட்சம் பவுண்டுக்கு மேல் சம்பளம் கொடுக்கும் நிறுவனங்களிடம் அரை விழுக்காடு வாங்கத் தொடங்கியது. வாங்கிய மறு ஆண்டே புதிய பயிற்சியாளர் எண்ணிக்கை ஏறத்தாழ 5 லட்சத்திலிருந்து 4 லட்சத்துக்குக் கீழே இறங்கியது. கட்டிய பணத்தைத் திரும்பப் பெற, ஏற்கெனவே வேலையில் இருக்கும் மேலாளர்களின் பயிற்சியைக்கூட அப்ரண்டிஸ் பயிற்சி என்று பெயர் மாற்றி நிறுவனங்கள் கணக்குக் காட்டின. பிரான்சு 2020-இல் ஒரு பயிற்சியாளரைச் சேர்த்தால் 8,000 யூரோ வரை மானியம் என்றது. ஆண்டுக்கு 3 லட்சம் அளவில் இருந்த ஒப்பந்தங்கள் 8 லட்சத்தைத் தாண்டின. அந்த வளர்ச்சியில் பெரும்பங்கு உயர்கல்வி மாணவர்கள். வணிகக் கல்லூரிக்காரர்களும் அதில் உண்டு. தச்சுப் பட்டறைக்கும் பேக்கரிக்கும் என்று நினைத்துப் போட்ட பணம் மேலே ஏறிவிட்டது. இரண்டு நாட்டிலும் நடந்ததைப் பார்க்கும்போது, தொழிற்கல்விக்கு ஒதுக்கும் பணம் யாருக்கென்று கட்டிவைக்காவிட்டால் பட்டப்படிப்பின் பக்கமே சாயும் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

ஏழை நாடுகளில் இந்த விவாதத்துக்கு ஒரு பழைய கிளை உண்டு. கானாவை ஆராய்ந்த பிலிப் ஃபாஸ்டர் 1965-இல் ஒரு கட்டுரை எழுதினார். தொழிற்பள்ளிகளைத் திறந்தால் பிள்ளைகள் தொழிலுக்குப் போவார்கள் என்பது வீண் நம்பிக்கை என்றார். எழுத்தர் வேலைக்கு நல்ல சம்பளம் இருக்கும்வரை ஏட்டுப் படிப்பை விரும்புவதுதான் பெற்றோருக்கு அறிவார்ந்த முடிவு. குறை பள்ளியில் இல்லை, சம்பளத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் உலக வங்கி தொழில்பிரிவு கொண்ட மேல்நிலைப் பள்ளிகளுக்குக் கடன் கொடுத்துவந்தது. கொலம்பியாவிலும் தான்சானியாவிலும் எடுத்த ஆய்வுகள் கூடுதல் செலவுக்கேற்ற பலன் இல்லை என்றன. 1991-இல் வங்கி தன் கொள்கையையே மாற்றிப் பயிற்சியைத் தனியாரிடமும் நிறுவனங்களிடமும் விடச் சொன்னது. ஃபாஸ்டர் சொன்னதில் பாதி இன்றும் செல்லும். ஆனால் அதை வைத்துக்கொண்டு தொழிற்கல்விக்கு நிதி வேண்டாம் என்று முடிவுக்கு வந்தது வங்கியின் அவசரம். லேத்தும் வெல்டிங் வாயுவும் சிறிய வகுப்பும் வேண்டியிருப்பதால் தொழிற்கல்விக்கு மாணவர் ஒருவருக்கு ஆகும் செலவு பொதுவாகக் கூடுதல்தான். மலிவாக நடத்தினால் பலன் வராது. பலன் வரவில்லை என்று மேலும் வெட்டுவது எளிது.

ஏட்டுப் படிப்பை விரும்புவதில் நாமும் விலக்கல்ல. தொழிற்பயிற்சியால் பெயர் பெற்ற மேற்கு ஜெர்மனி 1959-இல் சென்னைக்குக் கொண்டுவந்த பெரிய உதவி ஓர் ஐ.ஐ.டி. நாம் கேட்டதும் அதைத்தான்.

இன்றைய இந்தியாவுக்கு வந்தால், 2025 மே மாதம் ஒன்றிய அமைச்சரவை 1,000 அரசு ஐ.டி.ஐ.களைத் தரம் உயர்த்த 60,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. ஐந்தாண்டுக்கு. அதில் ஒன்றிய அரசு 30,000 கோடி, மாநிலங்கள் 20,000 கோடி, தொழில் நிறுவனங்கள் 10,000 கோடி. ஒன்றியப் பங்கிலும் பாதி உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன். தலைப்புச் செய்தியில் 60,000; ஒன்றியம் ஆண்டுக்குப் போடுவது சராசரி 6,000 கோடி, அதிலும் பாதி கடன். பெரிய தொகைதான், ஆனால் எதோடு ஒப்பிடுகிறோம் என்று தெரிந்து ஒப்பிட வேண்டும்.

தமிழ்நாட்டில் ஐ.டி.ஐ.கள் தொழிலாளர் நலன், திறன் மேம்பாட்டுத் துறையிடம் இருக்கின்றன. பாலிடெக்னிக் உயர்கல்வித் துறையிடம். நர்சிங் சுகாதாரத் துறையிடம், வேளாண் டிப்ளமோ வேளாண் துறையிடம். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேலே படிக்கும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் தொடங்கியபோது சமூக நலத் துறையின் கீழ் வந்தது. அத்துறை முன்பு நடத்திய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்தை மாற்றி அமைத்ததுதானே அது. டென்மார்க்கின் மாணவர் உதவித்தொகைக்கு நம்மிடம் உள்ள நெருங்கிய உறவினர் இதுவே, ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவியரும் இதைப் பெறுகிறார்கள். உயர்கல்வித் துறையின் ஒதுக்கீட்டை மட்டும் எடுத்துத் தமிழ்நாடு இவ்வளவு செலவிடுகிறது என்பது, மளிகைக் கடைச் சிட்டையை வைத்து வீட்டுச் செலவைச் சொல்வது போல.

செலவில் மட்டுமல்ல, தலை எண்ணுவதிலும் இப்படியே. 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பில் 18 முதல் 23 வயதுக்கான சேர்க்கை விகிதம் இந்தியாவுக்கு 28.4, தமிழ்நாட்டுக்கு 47. அந்தக் கணக்கெடுப்பில் ஐ.டி.ஐ. வராது. ஃபிட்டர் பிரிவில் இரண்டாண்டு படிக்கும் 19 வயது இளைஞர் அதன்படி படிக்காதவர். எண்ணப்படாதவருக்கு நிதி கேட்பது கடினம்.

ஒன்றிய அரசு 2005-06 முதல் பாலின வரவு செலவு அறிக்கை ஒன்றைப் பட்ஜெட்டோடு வெளியிடுகிறது. பல அமைச்சகங்களில் பெண்களுக்காக ஒதுக்கிய தொகையைத் தேடியெடுத்து ஒரே இடத்தில் வைக்கும் ஆவணம் அது. குறைகள் உண்டு, ஆனாலும் துறை கடந்து ஒரு கணக்கைத் திரட்ட முடியும் என்பதற்கு அது சான்று. பள்ளிக்குப் பிந்தைய கல்விக்கும் தமிழ்நாடு அப்படி ஓர் அறிக்கையைக் கொண்டுவர வேண்டும். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், கலைக் கல்லூரி, பொறியியல், மருத்துவம் என ஒவ்வொன்றிலும் மாணவர் ஒருவருக்கு அரசு எவ்வளவு, குடும்பம் எவ்வளவு, நிறுவனம் எவ்வளவு என்று ஒரு பக்க அட்டவணை போதும். அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்தில் எந்தக் கட்சியின் உறுப்பினராவது இதைக் கேட்கட்டும்.